சத்தம் போடாத வீடு

இன்று காலை மின்தூக்கிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நமக்கு இரண்டு மாடி மேலே யாரோ வீடு வாங்கியிருக்கிறார்களாம். திங்கட்கிழமையிலிருந்து சுவர் இடிப்பு, தரை உடைப்பு, சிரமத்துக்கு மன்னிக்கவும். காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தேன். தேதிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திங்கள் தாவரவியல் பூங்கா, செவ்வாய் தெம்பனிஸில் மாலினி வீடு, புதன் நூலகம் என்று மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மின்தூக்கி வந்தது, கதவு திறந்தது, என்னை விட்டுவிட்டு மேலே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உறைத்தது, யாரை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன் என்று.

என்னங்க, அடுத்த மாதம் உங்கள் வருஷத் திதி. உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பக்கத்திலேயே இருந்த மனுஷனுக்கு என்ன கடிதம்? இப்போது எழுதுகிறேன். பேசினால் மாலினி பயப்படுகிறாள், அம்மா தனியாகப் பேசுகிறாள் என்று.

புக்கிட் மேராவில் நம்முடையது பழைய அடுக்குமாடிப் புளோக். எப்போதும் யாராவது வாங்குவார்கள், யாராவது விற்பார்கள், வாங்கியவர்கள் உடனே இடிப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தக் காகிதம் ஒரு தொல்லை. எனக்கு அது பஞ்சாங்கம். எந்த மாடியில் எந்த நாளில் துளை போடுகிறார்கள் என்று பார்த்து, அந்த நேரத்துக்கு உங்களை எங்காவது கிளப்பிக்கொண்டு போய்விடுவேன். பூங்காவில் மரத்தடி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், ஒரு பாட்டில் தண்ணீர். எனக்குச் செடி கொடி என்றால் உயிர் என்று கடைசிவரை நம்பினீர்கள். மாலினியிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத் தொட்டியில் துளசியே நிற்காது.

முன்பெல்லாம் நீங்கள் இப்படியா இருந்தீர்கள்? புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்த ஆள். ஊருக்குத் தொலைபேசியில் பேசினால், அந்தக் கருவி எதற்கு, இங்கே நின்று கத்தினாலே கேட்குமே என்று என் அம்மா சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பரை இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு மானம் போகும். "மெதுவா பேசுங்க லா, எல்லாரும் பாக்கறாங்க" என்று சட்டையை இழுப்பேன். "பாக்கட்டும், நான் என்ன திருடவா செஞ்சேன்?" என்பீர்கள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை என்று என் அக்காமார் வைத்த பெயர் கல்யாணத்திலிருந்தே இருந்தது.

பிறகு அந்த விபத்து. பட்டறையில் இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டிருந்த கம்பி வடம் அறுந்து, தகடு உங்களுக்குப் பின்னால் விழுந்தது. உங்களோடு தினமும் தேநீர் குடிக்கும் செல்வம் அதன் கீழே நின்றிருந்தார். உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் பட்டறையிலிருந்து வந்தவர் வாசலில் நின்று சொன்னது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் புண்ணைக் கிளறுவது ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் உடம்பு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. பின்னால் ஒரு தட்டு விழுந்தால் போதும். தோள் இரண்டும் காதுவரை ஏறும், தாடை நெஞ்சோடு ஒட்டும், கை தலைக்கு மேலே போகும். அது ஒரு நொடிதான். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. முகம் வெளுத்து, சட்டை நனைந்து, நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே வெளியில் தெரியும். மதியம் விழுந்த மூடிக்குச் சாயங்காலம்வரை நடுங்குவீர்கள். யாராவது ஏதாவது கேட்டால் எரிந்து விழுவீர்கள், பிறகு அதற்காக வருத்தப்பட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவீர்கள்.

காது மருத்துவரிடம் போனோம், காது நன்றாக இருக்கிறது என்றார். என் பெரியம்மா, "பயந்த கோளாறுடி, திருநீறு மந்திரிச்சுப் போடு" என்றார். அதையும் செய்தோம். கையில் கட்டிய கறுப்புக் கயிறு நைந்து தானாகவே அறுந்து விழுந்தது. அப்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவருக்குச் சத்தம் ஆகவில்லை, அவ்வளவுதானே? சத்தத்தை வீட்டை விட்டுத் துரத்திவிட்டால் போயிற்று.

நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி ஒட்டினேன். என் சீதனத்து எவர்சில்வர் பாத்திரங்களைப் பெட்டியில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். குக்கரை நிறுத்திவிட்டுப் பருப்பைச் சட்டியில் வேகவைத்தேன், எரிவாயு பாழாய்ப் போனாலும் பரவாயில்லை என்று. அழைப்பு மணியின் கம்பியை எடுத்துவிடச் சொன்னேன். பேத்தியின் பிறந்தநாளுக்குப் பலூன் கூடாது. உங்களுக்குப் பின்னால் யார் வந்தாலும் தூரத்திலேயே ஒரு முறை இருமிவிட்டுத்தான் வர வேண்டும். மாலினி இருமுவாள், மாப்பிள்ளை இருமுவார், பேச்சு வராத வயதிலேயே பேத்தியும் இருமப் பழகிவிட்டாள். கொவிட் காலத்தில்தான் சங்கடம். தேக்கா சந்தையில் நீங்கள் மீன் பார்த்துக்கொண்டிருக்க, நான் வழக்கப்படி பின்னால் வந்து இருமினேன். மீன்காரர் முதல் கீரைக்காரர் வரை ஊரே விலகி ஓடியது. நீங்கள் மட்டும் திரும்பி, "வாடி" என்றீர்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க வீடு கோயில் மாதிரி இருக்கு" என்பார்கள். கோயிலிலாவது மணி அடிக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். ஒரு சத்தம் வரப்போகிறது என்று உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரியும். பேருந்துக் கதவு புஸ்ஸென்று திறப்பதற்கு முன், எதிர் மேசைக்காரர் கரண்டியைத் தவறவிடுவதற்கு முன், என் கை உங்கள் சட்டைக் கையைப் பிடித்திருக்கும். வாய் "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடிற்று.

பிறகு பேத்தியின் பிறந்தநாள் வந்தது. பலூன் இல்லை என்று நம் வீட்டில் சட்டம். ஆனால் மாலினி வீட்டு நடைபாதையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று பலூனோடு வந்துவிட்டது. அது வெடித்தபோது நீங்கள் பேத்திக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். கை தலைக்கு மேலே போன வேகத்தில் குழந்தையின் முகத்தில் பட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் அவள் அழுதுகொண்டே அம்மாவின் பின்னால் போய், "தாத்தாகிட்ட போக மாட்டேன்" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். நான் இருமிவிட்டு வந்தேன். "மாலினி அன்னைக்கே சொன்னாளே ஒரு டாக்டர், அங்க போறேன்" என்றீர்கள். அவள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அது. அதுவரை நான்தான், "பாவம், மனுஷனைப் போட்டு நோண்டாதே" என்று தடுத்துவந்தேன்.

மருத்துவமனையில் மருத்துவர் பார்த்துவிட்டு, ரேவதி என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். நம் மகளைவிடச் சின்னப் பெண். நெற்றியில் சாந்துப்பொட்டு, கையில் காப்பிக் குவளை. இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று நான் நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்கும்.

"அங்கிள், திடுக்குனு ஆகறது நோய் இல்ல" என்றாள். "எனக்கும் ஆகும், ஆன்ட்டிக்கும் ஆகும். ரோட்ல ஹார்ன் அடிச்சா நகரணும்ல, அதுக்குத்தான் அது. உங்களுக்கு என்னன்னா, ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க பாடி அன்னைக்கு மாதிரி ஷிப்யார்ட்ல நிக்கிறதா நினைச்சுக்குது. சத்தம் முடிஞ்சிருது, பாடிக்கு முடியல."

"அப்ப இது நிக்குமாம்மா?" என்றீர்கள்.

"முழுசா நிக்காது அங்கிள். சின்னதாகலாம். முக்கியமா, திடுக்கிட்டப்புறம் சீக்கிரமா இறங்கி வந்துரும். இப்ப ஏறினா இறங்க ஈவ்னிங் ஆகுதுல்ல, அது மாறும்."

பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலித் துணி, சட்டிப் பருப்பு, இருமல், கைப்பேசியில் இருக்கும் இடிப்பு அட்டவணை. பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இவ்வளவும் அன்புல செஞ்சது ஆன்ட்டி, எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா சத்தம் வந்துச்சு, ஒன்னும் ஆகலைன்னு கத்துக்க அவர் பாடிக்கு ஒரு சான்ஸே கிடைக்கல பாருங்க. நீங்க ஒன்னுமில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவரே அதைக் கண்டுபிடிக்கணும்." வீட்டுக்குச் சத்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றாள். வேண்டுமென்றே பயமுறுத்த வேண்டாம், மற்ற வீடுகள் மாதிரி இருந்தால் போதும் என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. பத்தியச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டவளிடம், உன் சோற்றால்தான் நோய் தீரவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? திரும்பும்போது பேருந்தில் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அந்தப் பொண்ணு உன்னைக் குத்தம் சொல்லலடி" என்றீர்கள். நம் நிறுத்தத்தில் கதவு புஸ்ஸென்று திறந்தது. என் கை அதற்கு முன்பே உங்கள் சட்டையில் இருந்தது.

கிளமெண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் போகலாம் என்று ரேவதி சொல்லியிருந்தாள். சிகிச்சைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒட்டுவில்லை ஒட்டி, நெஞ்சிலும் ஒட்டி, காதில் கருவி மாட்டி, இடையிடையே டப்பென்று ஒரு சத்தம் விடுவார்கள். திடுக்கிடும்போது கண் இமை எவ்வளவு பலமாக அடித்துக்கொள்கிறது, நெஞ்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். நான் வெளியே உட்காரவில்லை. அங்கே கருவி மாட்டிய சீன மாணவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அங்கிளுக்கு ஆகாது, வால்யூம் கொஞ்சம் குறைச்சு வைங்க லா" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவன் விழித்தான். சத்தத்தை அளக்க வந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஒரே மனைவி நானாகத்தான் இருப்பேன். அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் பல நாள் சிரித்தீர்கள். அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகியிருந்தது.

சிகிச்சை சுலபமாக இல்லை. அந்த நாளைக் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை ரேவதியிடம் சொல்ல வேண்டும். திரும்ப, திரும்ப. அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுப்பாள். நீங்கள் வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அறைக்குள் போய்க் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவீர்கள். வரும்போது பனியன் பிழியலாம் போல இருக்கும். முதல் வாரங்களில் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஒரு கதவு சாத்தினாலும் குதித்தீர்கள். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினேன். விழுங்கினேனே தவிர, நிறுத்திவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். நீங்கள் நிறுத்தவில்லை. பேத்தி உங்களிடம் வர வேண்டும், அது ஒன்றுதான் உங்களுக்கு.

வீட்டுச் சத்தங்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலை என்னுடையது. நான் அதை எவ்வளவு அழகாகச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலித் துணியைப் பிரித்தேன், இரண்டு நாற்காலிக்கு மட்டும். ஆளைக் கூப்பிட்டு அழைப்பு மணியை மாட்டவைத்தேன், அவர் போனதும் நாற்காலி போட்டு ஏறி மணிக்குள் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினேன். டிங்டாங் என்பது டொக் டொக் என்று கேட்டது. இரண்டு நாள் கழித்து நீங்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தீர்கள்.

"இதுக்கு என்ன, அடிபட்டுச்சா?" என்றீர்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்…"

"புண்ணு ஆறிடுச்சு, எடுத்துரு" என்று பிளாஸ்திரியை உரித்து என் புறங்கையில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். சிரிப்பும் வந்தது.

அந்த மதியத்தைச் சொல்ல வேண்டும். எவ்வளவு தள்ளிப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். அன்று நீங்கள் அறைக்குள் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்து, காதில் ஒன்றும் மாட்டாமல், "உக்காரு, நீயும் கேளு" என்றீர்கள். உங்கள் குரல் அதிலிருந்து வந்தது. நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. செல்வம் தேநீர் டம்ளரைக் கழுவி வைக்கிறார். கையுறையை மாட்டிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகிறார். பின்னால் சத்தம் கேட்கிறது.

"திரும்பறேன். திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருது. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. கிரேன் நின்னுடுச்சு. கிரைண்டிங் நின்னுடுச்சு. அவ்வளவு பெரிய யார்டு மூச்சு விடாம நிக்குது. அந்த அமைதியில செல்வம்னு கூப்பிடறேன். என் குரல் மட்டும்தான் கேக்குது. பதில் வரல. சத்தத்தைக்கூடத் தாங்கிக்கலாம். அந்த அமைதி… எங்க அமைதியா இருந்தாலும் இப்ப ஏதோ விழப்போகுதுன்னே இருக்கு."

பதிவு முடிந்தது. நம் வீட்டில் சத்தமே இல்லை. துணி ஒட்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் நான் பாடுபட்டுக் கட்டிய அமைதியை அன்றுதான் உங்கள் காதால் கேட்டேன். எந்த இடத்திலிருந்து நீங்கள் தப்பித்து வர நினைத்தீர்களோ, அந்த இடத்தை நான் கொண்டுவந்து நம் கூடத்தில் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நீங்கள் அதற்குள் உட்கார்ந்து, அடுத்து விழப்போவதற்குக் காத்திருந்தீர்கள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ இவ்வளவு பாடுபட்டு வச்சிருக்கே. அதை எப்படி வேணாம்னு சொல்றது?" என்றீர்கள்.

இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. நான் உங்கள் மனசு நோகக் கூடாது என்று கேட்கவில்லை. நீங்கள் என் மனசு நோகக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தே இத்தனை வருடத்தை வீணடித்தோம். யாராவது ஒருவர் கொஞ்சம் மோசமாக இருந்து, ஒரு நாள் சண்டை போட்டுத் தட்டை விட்டெறிந்திருந்தால் தேவலை.

அன்று எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து எவர்சில்வர் பெட்டியை இழுத்தேன். குக்கரில் பருப்பைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சமையலறையைப் பார்த்து நின்றீர்கள். முதல் விசிலுக்குத் தோள் ஏறியது, கண் இறுக மூடியது. "ஒன்னுமில்ல" என்று சொல்லாமல் இருக்க நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதுக்கும் ஏறியது, ஆனால் கண் திறந்தே இருந்தது. அதற்கடுத்ததற்கு, "போதும் அணை, பருப்பு குழைஞ்சிரும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நம் வீடு சத்தம் போட ஆரம்பித்தது. வானொலி, மணி, பேத்தி, பாத்திரம். கிளமெண்டிக்கு இரண்டாவது முறை போனபோது அந்த மாணவன் திரையைக் காட்டினான். எனக்குக் கோடுகள் புரியவில்லை. நீங்கள் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டு வந்து, "கண்ணு இன்னும் அடிக்குது. முன்ன மாதிரி இல்ல, ஆனா அடிக்குது. நெஞ்சுதான் இப்ப சொன்ன பேச்சைக் கேக்குது, ஏறினா உடனே இறங்கிருது" என்றீர்கள். திரையைப் பார்க்காமலே எனக்கு அது தெரியும். கரண்டி விழுந்தால் குதிப்பீர்கள், "சே" என்பீர்கள், குனிந்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வீர்கள். பேத்தி இருமாமல் ஓடிவந்து உங்கள் முதுகில் தொற்றினாள். நீங்கள் ஒரு நொடி விறைத்தீர்கள், பிறகு அவளைத் தூக்கிக்கொண்டீர்கள். அவளுக்கு அந்த நொடி தெரியவே இல்லை.

குணமாகாதவள் நான்தான். தீபாவளிக்கு முந்தின நாள் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். சாதாரண நாளில் அங்கே தேக்கா சந்தைக்குப் போய் வருவது வேறு. அன்றைக்குச் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது, ஒலிபெருக்கி, மேளம், விலை கூவுகிற கூட்டம், நாலா பக்கமும் இடிக்கிறவர்கள். நீங்கள் கேட்டபோது என் உள்ளங்கை வேர்த்தது. உங்களுக்கு எத்தனையோ வாரம் சிகிச்சை நடந்தது, என் உடம்புக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பழைய வேலையையே பார்த்துக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லா, கூட்டம் ஜாஸ்தி" என்றேன். உங்கள் முகத்தில் ஒரு ஆசை வந்து போனதைப் பார்த்தேன். "சரி, உனக்கு வேணாம்னா வேணாம்" என்றீர்கள். நீங்கள் மறுபடி நல்லவராகிவிட்டீர்கள்.

அடுத்த தீபாவளிக்கு நீங்கள் இல்லை. கல்லீரல் என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள், சில வாரங்கள் என்றார்கள். அதிலாவது அவர்கள் சொன்னது தவறாகப் போயிருக்கக் கூடாதா? நான் அழைத்துப் போயிருந்தால் மேளத்துக்கு முன்னால் நின்று, தோளைக் கொஞ்சம் தூக்கி, பிறகு இறக்கி, சாலைக்கு அந்தப் பக்கம் யாரையாவது பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டிருப்பீர்கள். அந்தக் குரலை நான் இன்னொரு முறை கேட்டிருப்பேன். அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

ரேவதி பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு ஒரு முறை அழைத்தாள். தூக்கம் வருகிறதா, சத்தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். எங்கே எது விழுந்தாலும் என் இடது கை பக்கத்தில் நீளுகிறது, பேருந்தில் அறிமுகம் இல்லாதவர்களின் சட்டையைப் பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்று. "கூட இருந்தவங்க பாடியும் கத்துக்கும் ஆன்ட்டி. நீங்களும் ஒரு தடவை வாங்க" என்றாள். போக வேண்டும். போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக மருத்துவமனையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், மாலினிக்குக்கூட நான் சொல்லவில்லை. ஒரு பிற்பகல். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் தாதி எஃகுத் தட்டு ஒன்றைத் தவறவிட்டாள். அது தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. உங்கள் தோள் இலேசாகத் துள்ளியது, அவ்வளவுதான். நான்தான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீங்கள் என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தீர்கள்.

"உனக்குத்தான் படபடன்னு அடிக்குது" என்றீர்கள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "பயந்துட்டியா?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மருத்துவர் கேட்கவில்லை, மகள் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆமாங்க, பயந்துட்டேன், அன்னைக்கு வாசல்ல வந்து சொன்னதிலிருந்தே பயந்துட்டுத்தான் இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம். தாதி நம்மைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையை இழுத்துக்கொண்டேன். உங்கள் விரல் இரண்டும் விரிப்பின் மேல் அப்படியே இருந்தன. இரண்டு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போதும் ஏதாவது விழுகிறது. என் உடம்பு துள்ளுகிறது, கை பக்கத்தில் நீளுகிறது. நெஞ்சின் படபடப்பு இறங்கும்வரை அந்தக் கையை நான் இழுத்துக்கொள்வதில்லை.